சுவருக்கு அந்தப் பக்கம்

ஓசைக்கு முகவரி உண்டு. குயில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சுட்டிவிடலாம். கொசு இடது காதருகே பறக்கிறதா, வலது காதருகேயா என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் ஓசை தாழத் தாழ அந்த முகவரி அழிந்துகொண்டே வரும். தொலைவில் போகும் ஊர்வலத்தின் நாதஸ்வரம் ஒரு திசையிலிருந்து வருகிறது. மேளத்தின் தொம்தொம் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் இருக்கிறது. மனிதக் காதின் இந்தச் சிறு இயலாமையின் மீதுதான் ஹோம் தியேட்டர் என்ற வணிகம் நிற்கிறது. மும்பையில் அண்டை வீட்டாரோடு நடக்கும் சண்டைகளில் ஒரு பகுதியும் அதன் மீதே நிற்கிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் அண்ணன் மகன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். லாமிங்டன் சாலைக் கடை ஒன்றில் எடுபிடியாகத் தொடங்கி, இப்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பொருத்துகிறான். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு மொழிபெயர்ப்பிலும் பத்திரிகையிலும் காலம் தள்ளும் எனக்கு அவன் தொழிலோடு ஏற்பட்ட உறவு சொற்கள் வழியாக வந்தது. ஒருமுறை ஒலிக்கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கும் வேலை கிடைத்தது. உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கருக்கு ஆங்கிலத்தில் 'ட்வீட்டர்', பறவையின் கீச்சிலிருந்து பிறந்த பெயர். தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் 'வூஃபர்', நாயின் குரைப்பிலிருந்து. அதற்கும் கீழே இறங்குவது 'சப்வூஃபர்'. குரைப்புக்குக் கீழே உள்ளதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவனிடம் கேட்டேன். "உறுமல்னு போடுங்க அத்தை" என்றான். உறுமி என்றே ஒரு தோல்கருவி வைத்திருக்கும் மொழிக்கு அது மோசமான யோசனை அல்ல. ஆனாலும் கையேட்டில் 'சப்வூஃபர்' என்றுதான் அச்சாயிற்று.

அவனுடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முன்னால மூணு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். பின்னால வெறும் ரெண்டு சின்ன டப்பா. அதுக்கும் தனியா ஒரு சப்வூஃபர் வேண்டாமா?" நியாயமான கேள்விதான். படத்தில் ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து வரும்போது அதன் அதிர்வும் பின்னாலிருந்துதானே வர வேண்டும்?

வர வேண்டியதில்லை. ஓசையின் திசையை நாம் எப்படி அறிகிறோம் என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் விளக்கினார். உச்ச ஒலி வரும்போது நம் தலையே ஒரு காதுக்கு மறைப்பாகிவிடுகிறது. ஒரு காதில் அதிகமாகவும் மறு காதில் குறைவாகவும் கேட்பதால் மூளை திசையைக் கணிக்கிறது. தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. தலையைச் சுற்றி வளைந்துகொண்டு போய்விடும். இரு காதுகளையும் அது தொடுவதற்கு இடையேயான மிகச் சிறிய கால வேறுபாடு மட்டுமே அங்கே துப்பு. மூடிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் அந்தத் துப்பையும் கலைத்துவிடுகின்றன.

நொடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 80 முறை அதிரும் ஒலிக்கு 4 மீட்டருக்கும் மேல். 20 முறை என்றால் 17 மீட்டர். மும்பைத் தமிழர்கள் 'கோலி' என்று சொல்லும் ஒற்றை அறை வீட்டின் நீளம் 3 மீட்டர் இருந்தால் அதிகம். அந்த அலை முழுசாகக் காலை நீட்டிப் படுக்க அங்கே இடம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

பின்பக்க ஸ்பீக்கர்களின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தபோது அது நமக்குப் பெரிய செய்தி. அந்த முறையில் அரங்கின் பின்பக்க ஸ்பீக்கர்கள் எத்தனை இருந்தாலும் அவற்றுக்குப் போனது ஒரே ஒரு ஒலித்தடம்தான். அதிலும் மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் கத்தரிக்கப்பட்டிருந்தன. 1992இல் அமெரிக்காவில் வந்த டால்பி டிஜிட்டலில் பின்பக்கத்துக்கு இடம், வலம் என்று இரண்டு தடங்களும் முழு ஒலி வீச்சும் கிடைத்தன. அதன் பெயர்தான் 5.1. ஐந்து முழுத் தடங்கள். புள்ளி ஒன்று என்பது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்கு மட்டுமான தனித் தடம்.

பின்பக்கத் தடத்தில் இப்போது தாழ்ந்த ஒலியும் இருக்கிறது. ஆனால் சுவரில் ஆணியடித்து மாட்டும் கையடக்க ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. அதனால் ரிசீவர் ஒரு தந்திரம் செய்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் போக வேண்டிய தாழ்ந்த ஒலியைப் பிரித்தெடுத்துச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடுகிறது. சிறிய ஸ்பீக்கர்களை அமைப்பில் 'ஸ்மால்' என்று குறிக்கச் சொல்வது இதற்காகத்தான். பிரிக்கும் எல்லை பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ். ஹெலிகாப்டரின் விசிறிச் சத்தம் பின்னாலிருந்து வருகிறது, அதன் அதிர்வு முன்மூலையிலிருந்து வருகிறது. நம் மூளை இரண்டையும் ஒட்டவைத்து, எல்லாமே பின்னால்தான் என்று நம்பிவிடுகிறது.

"சப்வூஃபர்ல இருந்துதான் சத்தம் வருதுன்னு தெரிஞ்சா, ஃபிட்டிங் தப்புன்னு அர்த்தம் அத்தை" என்பான் அண்ணன் மகன். எல்லையை 150, 200 என்று ஏற்றிவைத்தால் அதுதான் நடக்கும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 85க்கும் 180க்கும் இடையில் இருக்கிறது. எல்லை அதற்கு மேலே போனால் கதாநாயகனின் பாதிக் குரல் டீப்பாய்க்குக் கீழே இருந்து கேட்கும்.

மாட்டுங்காவில் வேறு விதமான வாடிக்கையாளர்கள். சண்முகானந்தா அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய பெரியவர்கள், வீட்டிலும் கச்சேரி அப்படியே வேண்டும் என்பார்கள். அவர்கள் கேட்கும் பதிவுகளில் அநேகமாக இரண்டு தடங்கள்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்பக்க ஸ்பீக்கர் தேவையே இல்லை. சப்வூஃபரைக் கொஞ்சம் கூட்டினாலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வீங்கிப்போய்த் தவில்போல ஒலிக்கும். அங்கே அவனுக்குப் பாதி வேலை, பொருத்திய பெட்டிகளை அணைத்துவைக்கச் சொல்லிக்கொடுப்பது.

இதுவரை சொன்னது சுவருக்கு இந்தப் பக்கத்துக் கதை. திசையே தெரியாமல் அறையை நிறைக்கும் அதே குணம்தான், சுவர் என்று ஒன்று இருப்பதையும் பொருட்படுத்தாமல் தாழ்ந்த ஒலியைப் போகவைக்கிறது. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சுவர் தடுக்கும் அளவும் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் பொதுக்கணக்கு. பேச்சைத் தடுக்கும் சுவர் உறுமலைத் தடுக்காது. அமெரிக்காவில் 1974இல் 'எர்த்குவேக்' படத்துக்காக 'சென்சரௌண்ட்' என்ற முறையில் அரங்குகளில் ராட்சத ஸ்பீக்கர்களை வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில், கூரைப்பூச்சு உதிர்ந்து தலையில் விழாமலிருக்க வலை கட்ட வேண்டியிருந்தது. பெரிய அரங்கின் பாடு அது.

நம் முன்னோர் இந்த வலிமையை அறிந்தே வைத்திருந்தார்கள். பண்டைய தமிழிசையில் ஒலிநிலைகள் மூன்று: மெலிவு, சமன், வலிவு. தாழ்ந்ததற்குப் பெயர் மெலிவு. மனிதக் குரலுக்கு அது சரி. கீழே இறங்கினால் குரல் மெலியும். மெலியாத தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் முரசு வேண்டும். வீரமுரசு, தியாகமுரசு, நியாயமுரசு என்று அதை மூன்றாக வகுத்தார்கள். போர், கொடை, நீதி - மூன்றுமே ஊர்க் காரியங்கள். ஊருக்கே கேட்க வேண்டியதற்குத்தான் முரசு. அடுப்படிக்குள் யாரும் முரசு வைத்துக்கொள்ளவில்லை. சப்வூஃபர் அந்த ஊர்ப்பொது ஓசையைப் பத்தடி அறைக்குள் கொண்டுவந்து, தனியார் இன்பம் என்று பெயர் சூட்டியிருக்கிறது. ஓசை பழைய வழக்கப்படி ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறது.

தாராவியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். ஒற்றைச் செங்கல் கனம்; மேல்மாடியில் அதுவும் இல்லை, தகரமும் பலகையும்தான். மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம் அது. எங்களுடையது திருநெல்வேலிக்குத் தெற்கே. 1993 ஜனவரியில், கலவர இரவுகளில், வெளியே எட்டிப்பார்க்க யாருக்கும் துணிவில்லாதபோது, அந்தச் சுவரில் இரண்டு முறை தட்டுவோம். அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு பதிலாக வரும். நலம் என்று பொருள். அப்பா அதைக் கேட்ட பிறகுதான் படுப்பார். ஒலியைத் தடுக்காத சுவர் என்று அதைக் குறைசொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வராது.

அதே சுவரின் ஓரத்தில்தான் அண்ணன் மகன் தன் சப்வூஃபரை வைத்தான். பக்கத்து வீட்டில் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என் அண்ணியிடம் சொன்னார். "சத்தம்னு சொல்ல முடியல. படுத்தா நெஞ்சுல யாரோ உள்ளேருந்து தட்டுற மாதிரி இருக்கு." சண்டைக்கு வரவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம் வாயை அடைத்திருந்தது. அதுதான் அண்ணியை அதிகம் கலங்கவைத்தது.

அவர் போலீசுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விதிகளைப் படித்துப் பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. தனியார் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தம் அவர் இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது. நல்ல விதிகள். ஆனால் இந்த டெசிபல் 'ஏ' அளவுகோலில் அளக்கப்படுவது. மெல்லிய ஒலியைக் கேட்கும்போது மனிதக் காது தாழ்ந்த அதிர்வுகளை எவ்வளவு குறைவாக உணர்கிறது என்பதைப் பின்பற்றி, அந்த அளவுகோல் அவற்றைக் கழித்துவிடுகிறது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழிவு; 50 ஹெர்ட்ஸில் 30.

அதாவது, சப்வூஃபரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் அதிர்வு 60 டெசிபலாகச் சுவரைத் தாண்டி வந்தாலும் மீட்டர் 30 என்று காட்டும். சட்டப்படி அது நள்ளிரவிலும் அமைதி. ஆனால் அந்த அதிர்வை 44 டெசிபலிலேயே காது உணரத் தொடங்கிவிடுகிறது. மீட்டர் அமைதி என்று சொல்லும், ஆள் தூங்க முடியாது. கட்டடக்கலையும் இதே செவியோடுதான் கேட்கிறது. ஒரு சுவரின் ஒலித்தடுப்பை ஒற்றை எண்ணால் மதிப்பிடும் சர்வதேச முறை, வழக்கமாக 100 ஹெர்ட்ஸிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. சப்வூஃபரின் ராஜ்யமோ அதற்குக் கீழே. 'நெஞ்சில் யாரோ தட்டுவதை' எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை.

ஆகவே தீர்வு சுவருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது. அண்ணன் மகன் முதலில் கணக்குப் போட்டான். பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் அதிர்வு இரு சுவர்களுக்கும் இடையே சிக்கி நிற்கும். அப்படி நிற்கும்போது அதன் அழுத்தம் சுவரோரத்தில் உச்சம். அறையின் நடுவில் பூஜ்யத்துக்கு அருகில். நடுவில் பாய் விரித்துப் படம் பார்க்கிறவர்களுக்கு 'பேஸ் பத்தவில்லை' என்று தோன்றும். குமிழைத் திருகுவார்கள். திருகியதெல்லாம் சுவரில் போய்க் குவியும். பல வீடுகளில் பக்கத்து வீட்டாரின் தூக்கம் இப்படித்தான் போகிறது. கேட்பவருக்கும் கிடைப்பதில்லை, கேட்க விரும்பாதவரையும் விடுவதில்லை.

பிறகு அவன் செய்தது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. சப்வூஃபரைத் தூக்கிப் பின்னால், பின்பக்க ஸ்பீக்கர்களுக்குக் கீழே, உட்காரும் திண்டுக்குப் பக்கத்திலேயே வைத்தான். வாடிக்கையாளர்களுக்கு வேண்டாம் என்று சொல்வதை நீயே செய்கிறாயே என்றேன். இது பின்பக்க ஸ்பீக்கர்களுக்காக அல்ல என்றான். 80க்குக் கீழே திசை தெரியாது என்பதால் பெட்டி எங்கே இருந்தாலும் படம் கெடாது. காதுக்கு மிக அருகே இருந்தால் குறைந்த ஒலியே போதும். அந்தக் குறைவு முழுவதும் சுவருக்கு லாபம்.

பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தான். தரை வழியாகப் போகும் அதிர்வுக்கு மட்டுமே அது மருந்து; காற்று வழியாகப் போவதை அது தொடாது. சுவரில் பஞ்சுப்பலகையும் முட்டை அட்டையும் ஒட்டச் சொல்லும் ஆலோசனைகள் இங்கே உதவாது. அவை கீச்சொலியை உறிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே 1.7 மீட்டர், அவ்வளவு கனத்துக்குப் பஞ்சு வைத்தால் கோலியில் ஆள் இருக்க முடியாது. ரிசீவரில் உள்ள 'நைட் மோட்' பயன்படும். அது வெடிச்சத்தத்தைக் குறைத்து, முணுமுணுப்பை உயர்த்தும். இரவில் சப்வூஃபரின் மின்சாரத்தை மட்டும் அணைத்துவிடுவது சரியான வழி அல்ல. ஐந்து ஸ்பீக்கர்களின் அடியொலியும் அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அணைத்தால் எல்லாக் குரலும் தகர டப்பாவில் பேசுவதுபோல் ஆகும். அதன் அளவைக் குறைப்பதே நல்லது. தாழ்ந்த ஒலியில் சில டெசிபல் குறைத்தாலே காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

கடைசி வேலை பக்கத்து வீட்டில் நடந்தது. அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டு, அவர் படுக்கும் இடத்தில் அண்ணன் மகன் போய்ப் படுத்துக்கொண்டான். இங்கே அவன் தங்கை குமிழைப் பிடித்திருந்தாள். ஃபோனில் "இப்ப?" "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு" என்று கால் மணி நேரம். பிறகு எழுந்து, "நீங்க படுத்துப் பாருங்க பெரியம்மா" என்றான். அவர் சொன்ன இடத்தில் குமிழுக்குப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார்கள். அதைத் தாண்டுவதில்லை. இப்போது வாடிக்கையாளர்களின் வீடுகளிலும் அவன் பக்கத்துக் கதவைத் தட்டுகிறான். செம்பூரில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. என் காசு, என் வீடு என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாதவர்களும் உண்டு. தட்டித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று 2024இல் அறிவித்திருக்கிறார்கள். சதுர அடியைப் பற்றியும் தகுதியைப் பற்றியும் எவ்வளவோ பேச்சு நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். சுவர் எதைத் தடுக்கும், எதை விடும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாடிக்கு மாடி அடுக்கிய வீடுகளில் அண்டை வீடு பக்கத்தில் மட்டும் இல்லை, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கிறது. அங்கே ஆறு பக்கமும் புள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

முரசுகட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனாரின் கதையைப் புறநானூறு படித்தவர்கள் அறிவார்கள். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். குற்றத்துக்குத் தண்டனை வாள். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை. புலவர் விழிக்கும்வரை கவரி வீசிக்கொண்டு நின்றான். புலவருக்கு மன்னன் செய்த மரியாதை என்றே வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். முரசும் தூக்கமும் எதிரெதிரே வந்தபோது அரசன் தூக்கத்தின் பக்கம் நின்றான் என்றும் அதைப் படிக்கலாம். சட்டத்தின் மீட்டருக்கு இன்னும் அந்தச் செவி வாய்க்கவில்லை. அதுவரை குமிழில் ஒரு பெயிண்ட் புள்ளிதான் நமக்குள்ள சட்டம்.